பாதிப் பென்ஷன்

வயதானவர்களைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் குமட்டிக்கொண்டு வருகிறது. 'மூத்த குடிமக்கள்' என்று யாராவது மைக்கைப் பிடித்து ஆரம்பித்தால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறேன். ஒரு காலத்தில் நானும் மரியாதையாக உட்கார்ந்து கேட்டவன்தான். எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டையில் போட்ட அந்தப் பந்தலுக்குப் பிறகுதான் எனக்கு இந்த வியாதி வந்தது.

என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். தங்கச் சுரங்கத்தில் நூறைத் தாண்டிய லெவல்களில் பாறையில் துளை போட்டவர். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் அங்கே சுவாசித்த கல்தூசியை மட்டும் அவரால் இறக்கி வைக்க முடியவில்லை. பாலகாட் பக்கம், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீட்டில் நைனா, அம்மா, நான், என் மனைவி என நாலு பேர். நைனாவுக்கு மாதாமாதம் ஒரு பென்ஷன் வந்தது. அது எவ்வளவு என்று இங்கே எழுதக் கை கூசுகிறது. பெங்களூரில் என் கம்பெனி முதலாளி வீட்டு நாய்க்கு வாங்கும் பிஸ்கட்டுக்குக்கூட அது போதாது என்று சொன்னால் விளங்கிவிடும்.

தொகை சின்னது என்பதில் நைனாவுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. 'வருது இல்ல' என்பார். அவரைப் பிடித்து ஆட்டியது வேறு. டீக்கடையில் யாரோ ஒருவர், ஆள் செத்தால் அந்தப் பென்ஷனில் பாதிதான் பெண்டாட்டிக்கு என்று சொல்லிவிட்டார். நைனா நம்பவில்லை. என்னை விசாரித்து வரச் சொன்னார். விசாரித்தேன், உண்மைதான். அன்று சாயந்திரம் அவரிடம் அதைச் சொன்னேன். மூச்சு வாங்கி வாங்கித்தான் அவருக்குப் பேச்சு வரும். அப்படியே சொன்னார்.

"நான் இன்னா துன்றேன்? ஒரு இட்லி. உங்கம்மாக்குத்தான் பிரஷர் மாத்திரை, சக்கரை மாத்திரை, முட்டிக்குத் தைலம். நான் போயிட்டா அந்த மாத்திரை பாதியாவுமா?"

நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்ள மாட்டேனா என்று சொல்லிப் பார்த்தேன். நைனா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, கணக்கு இருந்தது. நான் ஸ்டோரில் வேலை செய்யும் கம்பெனி எங்களையெல்லாம் காண்ட்ராக்ட்டுக்கு மாற்றியிருந்தது. இன்னும் சில வருஷத்தில் என்னையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்குப் பின்னால் எனக்குப் பென்ஷன் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வராது. அது அவருக்கும் தெரியும். அம்மா கல்யாணமான நாளிலிருந்து சம்பளக் கவரை அவர் கையிலிருந்து நேராக வாங்கிப் பழகியவள். இன்னொருவர் கையைப் பார்த்து அவள் நிற்கக் கூடாது, அது மகன் கையாக இருந்தாலும் சரி. நைனாவுக்கு மிச்சமிருந்த ஒரே கவலை இதுதான்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு கட்சிக்காரப் பையன் வந்தான். பையன் என்று சொல்கிறேனே தவிர முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு போன், வெள்ளைச் சட்டை. ஒரு டிவி சேனல் பென்ஷனைப் பற்றி ஊர் மக்கள் முன்னால் விவாதம் நடத்தப் போகிறதாம். இரண்டு கட்சியிலிருந்தும் தலைவர்கள் வருகிறார்கள், பெங்களூரிலிருந்து ஒரு பொருளாதார நிபுணர் வருகிறார். ஆழத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவர் பேசினால் நன்றாக இருக்கும் என்றான். 'நன்றாக இருக்கும்' என்றால் யாருக்கு என்று நான் அப்போது கேட்கவில்லை.

நைனா உடனே சரி என்றார். என் மனைவிக்கு ஆச்சரியம். கோயில் திருவிழா, கல்யாணம் என்று எதற்கும் வாசலைத் தாண்டாத மனிதர், இதற்குப் போகிறேன் என்கிறாரே என்றாள். எனக்குக் காரணம் தெரிந்தது. அவருக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். பதில் சொல்லக்கூடிய ஆட்கள் நம் ஊருக்கே வருகிறார்கள், விடுவாரா.

கூட்டத்துக்கு முந்தின ஒரு வாரமும் நைனா அந்தக் கேள்வியைச் சுருக்கிக்கொண்டிருந்தார். முதலில் அது நீளமாக இருந்தது. சுரங்கம், வேலை செய்த வருஷங்கள், நெஞ்சு, மாத்திரை எல்லாம் அதில் வந்தன. பாதியில் மூச்சு நின்று இருமல் பிடித்துக்கொள்ளும். மறுநாள் வருஷங்களை எடுத்துவிட்டார். அதற்கு மறுநாள் நெஞ்சை எடுத்தார். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். கடைசியில் ஒரே மூச்சில் அடங்குகிற அளவுக்கு அதைக் கொண்டுவந்துவிட்டார். 'நான் செத்தா என் வீட்டுக்காரிக்கு ஏன் பாதி?' அவ்வளவுதான். இதைச் சொல்லி முடித்ததும் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

பந்தல் அன்று நல்ல வெயில். காற்று அடித்தால், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டு மண் வந்து நாற்காலி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றின் மேலும் படிந்தது. முன்வரிசையில் பழைய தொழிலாளிகளை உட்கார வைத்திருந்தார்கள். நாற்காலிகளை ஒழுங்குபடுத்தியவன் நம் வெள்ளைச் சட்டைக்காரன்தான். நைனாவைப் பார்த்ததும் ஓடி வந்தான், கையில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பி. கட்டட வேலைக்குப் போட்டுக்கொள்வார்களே, அது. ரப்பர் பட்டையால் அதில் ஒரு டார்ச்சைக் கட்டியிருந்தான்.

"தாத்தா இத்த போட்டுக்கங்க. கேமராக்கு மைன்ஸ் ஃபீலு வரணும். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க," என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாம் என்று நான் தடுத்தேன். நைனா என் கையைத் தள்ளிவிட்டுத் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டார். கேள்வி கேட்க விடுவார்கள் என்றால் அவர் அன்று கொம்பு வைத்துக்கொள்ளச் சொன்னாலும் வைத்துக்கொண்டிருப்பார். பட்டப்பகலில் நெற்றியில் டார்ச் எரிய, இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

விவாதம் என்று அதைச் சொல்லக் கூடாது. ஒரு தலைவர், பெரியவர்கள் நாட்டின் பொக்கிஷம் என்றார். மற்றவர், பொக்கிஷத்தைப் பூட்டி வைத்தது உங்கள் ஆட்சிதானே என்றார். நீ அன்று ஏற்றவில்லை, நீ இன்று ஏற்றவில்லை என்று மாறி மாறிச் சாணி அடித்துக்கொண்டார்கள். இடையிடையே எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். இருவரும் ஒரே காரில் சேர்ந்து வந்திறங்கியதை நான் பார்த்திருந்தேன்.

அந்த நிபுணர் வேறு ரகம். குரலை உயர்த்தவே இல்லை, நல்ல சட்டை, நல்ல தமிழ். மக்கள் முன்னைவிட அதிக காலம் வாழ்கிறார்கள், அதுதான் இன்றைய பிரச்சினை என்று ஆரம்பித்தார். வேலை செய்கிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், உட்கார்ந்து வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், ஆகவே ஓய்வு பெறும் வயதைத் தள்ளிப்போட வேண்டும், அவரவர் முதுமைக்கு அவரவரே சந்தையில் போட்டுச் சேர்க்க வேண்டும் என்றார். அவர் போட்ட கணக்கு தப்பு என்று நான் சொல்லவில்லை. கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஆனால் அதிக காலம் வாழ்கிறார்கள் என்று அவர் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் ஏழெட்டுப் பேர் வாயில் துண்டை வைத்து இருமிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மைக்கில் விழுகிறதென்று அவர் இரண்டு தடவை பேச்சை நிறுத்தி முகத்தைச் சுளித்தார். சாகாமல் இருப்பதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டுமோ என்று தோன்றும்படி ஒரு சுளிப்பு. ச்சீ என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

முடிக்கும்போது முதல் தலைவர் எழுந்து நின்றார். கை இரண்டையும் விரித்து, "ஒரே ஒரு வாக்குறுதி குடுக்கறேன். எங்க ஆட்சி வந்ததும் உங்க பென்ஷனை அடுத்த லெவலுக்குக் கொண்டுட்டுப் போவோம்," என்றார்.

பின்னால் நின்ற இளைஞர்கள் விசிலடித்தார்கள். முன்வரிசையில் ஒருவரும் கை தட்டவில்லை. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சுரங்கத்தில் மேலே வெளிச்சத்தில் இருப்பது சர்ஃபேஸ். அங்கிருந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்க இறங்க லெவல் எண் கூடும். அடுத்த லெவல் என்றால் இன்னும் கீழே, இன்னும் சூடு, காற்று இன்னும் கம்மி. எங்கள் வீடுகளில் ஒருவருக்கு நோய் முற்றினால் 'அடுத்த லெவலுக்குப் போயிட்டாரு' என்பார்கள். கடன் கழுத்தை நெரித்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். பெங்களூர்ப் பிள்ளைகள் ஒரு பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு நெக்ஸ்ட் லெவல் என்று மெச்சிக்கொள்வது இந்தக் கிழவர்களுக்கு எப்படித் தெரியும்.

நைனா கையைத் தூக்கிவிட்டார். அவர் முறை அப்போது இல்லை. நிகழ்ச்சியை நடத்தின பெண் சிரித்த முகத்தோடு வந்து மைக்கை நீட்டினாள். அவருடைய கேள்விதான் வரப்போகிறது என்று நான் அவர் முதுகில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

"இருக்கறதையும் கீழ எறக்கப் போறீங்களா? நாங்க இன்னா தப்பு செஞ்சோம்?" என்றார் நைனா.

ஒரு கணம் மேடையில் யாருக்கும் புரியவில்லை. அந்தப் பெண் குனிந்து, லெவல் என்றால் மேலே தாத்தா, உங்களுக்கு உயர்த்தித் தரப் போகிறார் என்று விளக்கினாள்.

"மேல ஏது லெவலு? மேல சர்ஃபேஸ்தான கீது," என்றார் நைனா.

பின்வரிசை வெடித்துச் சிரித்தது. மேடையில் இரண்டு கட்சிகளும் சேர்ந்து சிரித்தன. அன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் மைக்கை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் நைனா தன் கேள்வியைக் கேட்டார். மைக் இல்லை, மூச்சும் அந்த இரண்டு வாக்கியத்தில் தீர்ந்துபோயிருந்தது. 'நான் செத்தா' என்பது வந்தது, 'பாதி' என்பது வந்தது. நடுவில் உள்ளதெல்லாம் வெறும் காற்று. என் காதுக்கு மட்டும் எட்டியது. மேடையிலிருந்த தலைவர் இவர் வாய் அசைவதைப் பார்த்து, வாழ்த்துகிறார் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, நெஞ்சில் கை வைத்துத் தலைகுனிந்தார். வெள்ளைச் சட்டைக்காரன் வந்து நைனாவுக்கு ஒரு சால்வையைப் போர்த்திப் போட்டோ எடுத்தான். தொப்பியை மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டான்.

ஆட்டோவில் வரும்போது நைனா, "கேட்டுட்டேன் இல்ல?" என்றார். ஆமாம் நைனா, கேட்டீர்கள் என்றேன். அது பொய் இல்லை.

மறு வாரம் ரயிலில் அதைப் பார்த்தேன். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போகும் கூட்டத்தில் பாதிப் பேர் தூங்குவார்கள், பாதிப் பேர் போன் பார்ப்பார்கள். என்னோடு ஒட்டி நின்ற ஒருவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். போனில் மஞ்சள் தொப்பியோடு என் நைனா. விவாதத்திலிருந்து அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி, பின்னால் ஏதோ கோமாளிச் சங்கீதம் சேர்த்துப் போட்டிருந்தார்கள். 'மேல சர்ஃபேஸ்தான கீது' என்று அவர் சொல்வது திரும்பத் திரும்ப ஓடியது. செம தாத்தா என்று அவன் நண்பனுக்குக் காட்டினான். நண்பன் பார்த்துச் சிரித்துவிட்டு, இந்தப் பெருசுகளுக்கெல்லாம் நம் சம்பளத்திலிருந்துதான் பிடிக்கிறார்கள், நாம் கிழவனாகும்போது பானை காலி என்று சலித்துக்கொண்டான். இருவரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்தான். அவர்களுடைய தாத்தாவும் ஏதோ ஒரு லெவலில் பாறை உடைத்தவராகத்தான் இருப்பார். இது என் அப்பா என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் ஒரு செல்ஃபி கேட்பார்கள். பங்காருப்பேட்டையில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறிக்கொண்டேன்.

வீட்டில் அம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள், பக்கத்து வீட்டுப் பெண் போனில் காட்டியிருக்கிறாள். நைனாவுக்கு யாரும் காட்டவில்லை. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான், டிவியில் தன் கேள்வி வந்ததா. நான் தடுமாறுவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"வந்துது. தெளிவாக் கேட்டீங்க. யோசிச்சி பதில் சொல்றாங்களாம்," என்றாள்.

அதிலிருந்து நைனா பதிலுக்குக் காத்திருந்தார். நான் வேலையிலிருந்து திரும்பினால் செருப்பைக் கழற்றுவதற்குள், வந்ததா என்பார். இன்னும் இல்லை என்பேன். பெரிய ஆபீஸ், நாளாகும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்வார். அந்த ஆட்களுக்காகப் பரிந்து பேசியது இந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். ஒரு மனிதனின் ஒரு மூச்சு. அதைக்கூட அவர்களால் முழுதாக வாங்கிக்கொள்ள முடியவில்லை, சிரிப்புக்கு எது ஆகுமோ அதை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பிவிட்டார்கள்.

மழைக்காலத்தில் நைனா போய்விட்டார். கடைசி இரண்டு நாள் பேச்சே இல்லை. அடக்கத்துக்கு இரண்டு கட்சியிலிருந்தும் மாலை வந்தது, மாலையைவிட அதில் தொங்கின அட்டை பெரிதாக இருந்தது. சில மாதங்கள் அலைந்த பிறகு அம்மா பெயருக்குப் பென்ஷன் மாறியது, பாதியாக. அம்மா அந்தப் பணத்தை வாங்கிய அன்று மருந்துக்கடையில் முட்டித் தைலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் வாங்கி வைத்தேன். அவள் தொடவில்லை. இன்று வரை பாட்டில் மூடி திறக்காமல் அலமாரியில் இருக்கிறது. கேட்டால் வலி இல்லை என்கிறாள், குனிந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள்.

தேர்தல் நெருங்கியதும் வெள்ளைச் சட்டைக்காரன் மறுபடியும் வந்தான். போன ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தடவை விவாதம் விதவைகளுக்கான பென்ஷன் பற்றியாம். என்னிடம்தான் பேசினான், அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தால் போதும், அழுதால் அழட்டும், அதுவே நல்லது என்றான். அப்புறம் அம்மாவின் புடவையைப் பார்த்தான். நாங்கள் பௌத்தக் குடும்பம், எங்கள் வீட்டில் யாரும் அம்மாவின் பொட்டை அழிக்கவில்லை, பச்சைப் புடவையை உருவவில்லை. அது கேமராவுக்கு உதைக்கும் என்று அவனுக்குப் பட்டது.

"அண்ணா, அன்னிக்கி மட்டும் வெள்ளைல வந்தா நல்லா இருக்கும்," என்றான்.

அவன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள எழுந்தேன். அம்மா கையமர்த்தினாள்.

"அவரு கேட்டதுக்குப் பதில் வந்துதாப்பா?" என்று அவனைக் கேட்டாள்.

"அந்த லெவல் கேள்வியா பாட்டி? அது செம ஹிட்டு. எவ்ளோ பேரு பாத்தாங்க தெரியுமா?"

"அது இல்ல. எனக்கு ஏன் பாதின்னு கேட்டாரு."

அவன் என்னைப் பார்த்தான். அப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டதே அவனுக்குத் தெரியாது. தலையைச் சொறிந்துகொண்டு, அதெல்லாம் டெல்லியில் முடிவாக வேண்டிய விஷயம், பேசிக்கொண்டிருக்கிறார்கள், பார்க்கலாம் என்று இழுத்தான். போன் அடித்தது, அதை அணைத்தான். அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சரி. அப்ப இதையாவது சொல்லு. நானும் செத்துட்டா இந்தப் பாதி யாருக்குப் போவும்?"

"யாருக்கும் போவாது பாட்டி. அத்தோட நின்னுடும்," என்றான்.

இதைச் சொல்ல அவன் தலையைச் சொறியவில்லை.